பால்கேயும் தீக்குச்சிகளும்

சேலம்–ஏற்காடு சாலையோரம் டி. ஆர். சுந்தரம் 1935-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்பு நிலையத்தை நிறுவுவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே, நாசிக்கில் தாதாசாகேப் பால்கே தீக்குச்சிகளை நடிகர்களாக்கி ‘ஆக்காட்யாஞ்சி மௌஜ்’ என்ற குறும்படத்தை எடுத்திருந்தார். ஸ்டாப் மோஷன் எனப்படும் இம்முறையில், உயிரற்ற பொருளைச் சிறிது நகர்த்தி ஒரு சட்டகம் மட்டும் படம்பிடித்து, மீண்டும் நகர்த்தி அடுத்த சட்டகத்தைப் பிடிப்பார்கள். மௌனப்பட வேகமான நொடிக்கு ஏறத்தாழ 16 சட்டகங்கள் என்ற கணக்கில், ஒரு நிமிடக் காட்சிக்கே 960 முறை கேமராவை இயக்கியாக வேண்டும்.

இந்தப் பொறுமை அவருக்குப் புதிதன்று. அச்சுத்தொழிலில் பிளாக் செய்தும், தம் பெயரின் எழுத்துகளை மாற்றிக் ‘கேல்ஃபா’ என்று மேடையில் மாயவித்தை காட்டியும் வந்த அவர், 1912-இல் லண்டனிலிருந்து வில்லியம்சன் கேமராவுடன் திரும்பியதும், பட்டாணி முளைத்துக் கொடியாவதை இடைவெளிவிட்டுச் சட்டகம் சட்டகமாகப் பதிவுசெய்து, முதல் போடத் தயங்கியவர்களிடம் போட்டுக்காட்டினார். அங்கே செடி தானே வளர்ந்தது, கேமரா காத்திருந்தது. தீக்குச்சிப் படத்திலோ ஒவ்வோர் அசைவையும் கையே உண்டாக்க வேண்டியிருந்தது. பிரான்சில் எமில் கோல் 1908-லேயே தீக்குச்சிகளை ஆடவைத்துவிட்டார் என்பதால் இதை உலகப் புதுமை என்பதற்கில்லை.

‘ராஜா ஹரிச்சந்திரா’ 1913-இல் வெற்றி கண்டபின் பால்கே குச்சிகளுக்கு வந்ததற்குக் காலமும் ஒரு காரணம். 1914-இல் மூண்ட போரால் முதலீடு வற்ற, நடிகர் கூட்டமும் அரங்கமும் வேண்டாத குறும்படங்களே அவர் கைக்கு எட்டுவனவாக இருந்தன. திரை வரலாறுகள் அவரைப் புராணப்படங்களின் தந்தையென்று மட்டும் போற்றிக் குச்சிகளைக் கடைசிப் பட்டியலில் தள்ளுவது சரியன்று. ‘லங்கா தகன்’ (1917), ‘காளிய மர்தன்’ (1919) ஆகியவற்றில் மக்கள் கைகூப்பிய அற்புதங்களும், கேமராவை நிறுத்தி, சட்டகத்தை எண்ணி, காட்சியைக் கட்டும் அதே தொழிலிலிருந்து பிறந்தவையே.

தீக்குச்சிப் படத்தின் பிரதி இன்று இல்லை. படமெடுக்கும் விதத்தை விளக்கிப் பால்கே 1917-இல் எடுத்த படத்தின் ஒரு துண்டு மட்டும் எஞ்சியுள்ளது. அதில் அவரே தோன்றி நடிகர்களை இயக்குகிறார், படச்சுருளை ஆராய்கிறார்.