முதுமைக்கு இடமில்லாத ஊர்கள்: மாஞ்சோலையும் அதன் மக்களும்



மணிமுத்தாறு அணைக்கு மேலே மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று சின்னச் சின்னக் குடியிருப்புகள் இருக்கின்றன. இவற்றைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சிங்கம்பட்டி ஜமீனின் வழக்குச் செலவுக் கதையில்தான் தொடங்குகிறார்கள். கேட்கச் சுவையான கதைதான். ஆனால் அது குத்தகை கொடுத்தவரின் வரலாறு.

1929இல் ஜமீன் சுமார் 8,374 ஏக்கர் காட்டை 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. வாங்கியது பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன், பர்மாவில் தேக்கு வெட்டி வளர்ந்த நிறுவனம். 1952இல் ஜமீன் ஒழிந்து நிலம் அரசிடம் போனது. குத்தகை மட்டும் அப்படியே தொடர்ந்தது. 1988இல் இந்த மலைப்பகுதி களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் ஆனது. 2018இல் காப்புக்காடு என்ற அறிவிப்பும் வந்தது. ஜமீன், கம்பெனி, அரசு, வனத்துறை என்று இந்த ஆவணங்களில் எல்லாத் தரப்பும் உண்டு. அட்டைக்கடியில் நின்று காட்டைத் தோட்டமாக்கியவர்கள் மட்டும் ஒரு தரப்பாக எங்கும் இல்லை. நெல்லைச் சமவெளியிலிருந்தும் கேரளத்திலிருந்தும் கங்காணிகள் கூட்டிப்போன அந்த மக்களில் பெரும்பாலோர் தலித்துகள்.

கம்பெனி கொடுத்த லைன் வீடு வேலையோடு கட்டப்பட்டது. ஓய்வு பெற்றால் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். மகனோ மருமகளோ அதே தோட்டத்தில் பெயர் பதிந்தால்தான் கிழவிக்கு அங்கே திண்ணை உண்டு. ஆகவே பிள்ளைகளும் கொழுந்துக் கூடையைத் தூக்கினார்கள். கொத்தடிமை என்று இதற்குச் சட்டத்தில் பெயர் இல்லை, ஆனாலும் வீடு செய்த வேலை அதுதான். 2024இல் கம்பெனி விருப்ப ஓய்வு என்று கையெழுத்து வாங்கியபோது ‘வெளியேற்றம்’ என்று செய்தி எழுதினோம். வெளியேற்றம் அங்கே ஆண்டுதோறும் நடந்துகொண்டிருந்தது. முதியவர்கள் ஒவ்வொருவராக அம்பாசமுத்திரத்துக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் இறங்கினார்கள், யாரும் எண்ணவில்லை.

இந்த மக்கள் கூட்டமாக இறங்கி வந்த நாளும் நமக்குத் தெரியும். 1999 ஜூலை 23. கூலி உயர்வு கேட்டும், சிறையிலிருந்த தொழிலாளர்களை விடுவிக்கக் கேட்டும் நெல்லை ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலம் போனார்கள். காவல்துறை தடியடியில் தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டு, பெண்களும் ஒரு குழந்தையும் உட்பட 17 பேர் இறந்தார்கள். ஆண்டுதோறும் அஞ்சலி செலுத்துகிறோம், செலுத்த வேண்டும். ஆனால் ஆற்றங்கரையோடு நம் வரலாறு நின்றுவிடுகிறது, மலைக்கு ஏறுவதில்லை.

ஏன் ஏற வேண்டும் என்பதற்குச் சட்டத்திலேயே காரணம் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, பழங்குடி அல்லாதவர் 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை காட்டில் வாழ்ந்திருக்க வேண்டும். தலைமுறைக்கு 25 ஆண்டு, மொத்தம் 75. கணக்குப் போட்டால் 1930 டிசம்பரில் வந்து நிற்கிறது. தோட்டக் குத்தகையோ 1929. முதல் கூட்டத்தோடு ஏறிய குடும்பம் மயிரிழையில் உள்ளே வரும். பத்து வருடம் கழித்து ஏறிய குடும்பம் வெளியே. எந்தப் பாட்டன் எந்த வருடம் ஏறினான் என்று காட்டும் பேரேடோ கம்பெனியின் கையில். கூலிக்குப் போனவன் காட்டைச் சார்ந்து வாழ்ந்தவனா என்ற கேள்வியும் எதிரே நிற்கிறது. லேசான வழக்கு என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தச் சட்டத்தின் விதிகள் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கின்றன. பட்டா இல்லாவிட்டாலும் வீடு, கிணறு, இடுகாடு, வழிபாட்டிடம் ஆகியவற்றைச் சான்றாக ஏற்கலாம். உரிமை கோருபவர் அல்லாத பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுதி வாங்கியும் வைக்கலாம். லைன் வீடுகள் ஆளில்லாமல் போனால் முதலில் இடிவது கூரை. காடு முதலில் மூடுவது இடுகாட்டை. அப்புறம் சான்று எங்கே?

டான்டீ இந்தத் தோட்டத்தை ஏற்று நடத்த வேண்டும் என்ற கோரிக்கையை 2024 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஏற்கவில்லை. காடு காடாகட்டும் என்று சூழலியல் நண்பர்கள் மகிழ்ந்தார்கள். புலிக்கு இடம் வேண்டும், மறுக்கவில்லை. காட்டை அழித்துத் தேயிலை வைக்க முடிவெடுத்தவர்கள் பங்குதாரர்கள். அதற்கான விலையைக் கொடுப்பவர்கள் மட்டும் ஏன் கொழுந்து பறித்தவர்கள்? இறங்குகிறவர்களில் பலருக்குக் கீழே காத்திருப்பது, பாட்டன் விட்டுப்போன அதே சேரித் தெரு.

குத்தகை 2028 பிப்ரவரியில் முடிகிறது. சமூகவியல் படிக்கிற மாணவர்களுக்கு என் கோரிக்கை இதுதான்: தோட்டத்திலிருந்து ஓய்வு பெற்று இறங்கியவர்களை அம்பை வட்டாரத்தில் தேடிப் போங்கள். ஏறிய வருடம், லைன் எண், பிள்ளை பிறந்த ஆஸ்பத்திரிச் சீட்டு, யாரை எங்கே புதைத்தார்கள் என்பதை ஊர் ஊராகக் கேட்டு எழுதுங்கள், கையெழுத்து வாங்குங்கள். எண்பது வயதுக்காரர்களிடம் முதலில் போங்கள்.