பத்து டாலர் பந்தயம்

பத்து டாலர் பெரிய தொகையல்ல. ஆனால் அந்தப் பந்தயத்தை நினைக்கும்போதெல்லாம், கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்குப் பொறாமையாக இருக்கும். இதை நான் கற்பனையாக எழுதியிருந்தால், 'நம்பும்படியாக இல்லை' என்று நீங்களே கடிதம் போட்டிருப்பீர்கள்.

வாஷிங்டனில் கறுப்பு மாணவர்கள் படித்த ஹோவர்டு சர்வகலாசாலையின் சட்டக் கல்லூரி அது. சார்லஸ் ஹூஸ்டன் 1929 முதல் அங்கே வக்கீல்களைத் தயார் செய்தது பிழைப்புக்காக மட்டுமல்ல, நிறவேற்றுமையைக் கோர்ட்டிலேயே முறியடிப்பதற்காக. 1941-இல் அங்கே வந்து சேர்ந்தார் பாலி மரே. வகுப்பில் அவர் ஒருவர்தான் பெண். பெண்கள் எதற்குச் சட்டம் படிக்க வருகிறார்களோ என்று முதல் நாளே ஒரு பேராசிரியர் கேலி பேச, பையன்கள் சிரித்தார்கள். அந்த வகுப்பில் முதலாவதாகத் தேறுவது என்று மரே அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார். தேறவும் செய்தார்.

1943-இல் கறுப்பருக்குச் சாப்பாடு போடாத ஒரு ஹோட்டலில் ஹோவர்டு மாணவர்கள் போய் உட்கார்ந்து, தட்டு வராவிட்டாலும் எழுந்திருக்காமல் புத்தகம் படித்தார்கள். அந்தச் சத்தியாக்கிரகத்துக்குச் சட்ட யோசனை சொன்னவரும் மரேதான்.

பந்தயத்துக்கு வருகிறேன். வெள்ளையரையும் கறுப்பரையும் பிரித்து வைக்கலாம், வசதிகள் சமமாக இருந்தால் போதும் என்பது 1896-ஆம் வருஷத்துச் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. 'வசதிகள் சமமாக இல்லையே' என்றுதான் வக்கீல்கள் வழக்காடி வந்தார்கள். பிரிப்பதே தவறு என்று நேராக அடியுங்கள் என்றார் மரே. வகுப்பே சிரித்தது. இருபத்தைந்து வருஷத்துக்குள் அந்தத் தீர்ப்பு விழும் என்று, ஆசிரியர் ஸ்பாட்ஸ்வுட் ராபின்ஸனிடம் பத்து டாலர் பந்தயம் கட்டிவிட்டு, அதையே ஆய்வுக் கட்டுரையாகவும் எழுதிக் கொடுத்தார்.

1944-இல் ரோஸன்வால்டு நிதியின் உபகாரச் சம்பளம் கிடைத்தது. தபாலில் சாமான் விற்றுக் கோடீசுவரரான சிகாகோ வியாபாரி ஏற்படுத்திய நிதி அது. மேற்படிப்புக்கு மரே விரும்பியது ஹார்வர்டு சட்டக் கல்லூரியை. பணம் தயார், கதவு திறக்கவில்லை. பெண் என்பதுதான் காரணம். 1938-இல் வட கரோலினா சர்வகலாசாலை அவரைத் தோலின் நிறத்துக்காகத் திருப்பி அனுப்பியிருந்தது. இப்போது இது! ஹார்வர்டில் படித்தவரான ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டே சிபாரிசுக் கடிதம் எழுதியும் பலனில்லை. தாம் ஆணாக மாறச் சம்மதமே, வழிதான் யாரும் சொல்லித் தரவில்லை என்று மரே அவர்களுக்கு எழுதினார். அந்தக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1950-இல். மரே அதற்காகக் காத்திருக்கவில்லை. கலிபோர்னியாவுக்குப் போய், எல்லோருக்கும் சமமாக வேலை கிடைக்கும் உரிமையைப் பற்றி எழுதி, 1945-இல் பட்டம் வாங்கினார்.

1954 மே 17-ஆம் தேதி, பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளைப் பிரித்து வைப்பதே சட்டவிரோதம் என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. இருபத்தைந்து வருஷக் கெடுவில் பத்தே வருஷம்தான் ஆகியிருந்தது. அந்த வழக்கை நடத்திய வக்கீல்களில் ராபின்ஸனும் ஒருவர். வழக்குக்குத் தயாரானபோது அவர் தம் பழைய மாணவியின் கட்டுரையைத் தேடி எடுத்து, சகாக்களிடம் காட்டியிருக்கிறார். மரேக்கு அப்போது யாரும் அதைச் சொல்லவில்லை. பல வருஷங்கள் கழித்து ராபின்ஸனைச் சந்தித்தபோதுதான் தெரிந்தது.