பேசாமல் போன மரபணுக்கள்

விழிஞ்ஞம் கிளைக்கு மாற்றலாகி வந்தபிறகு, எஃப்.டி.யை முதிர்வுக்கு முன்பே உடைக்க வருபவர்களிடம் காரணம் கேட்பதை விட்டுவிட்டேன். பல சமயம் பதில் "ஆர்.சி.சி." என்றே வரும். 1981ல் தொடங்கிய திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கு இங்கே அதுதான் பெயர். நோயாளி வயதான ஆண் என்றால் சில நேரம் புரோஸ்டேட். அந்த வீடுகளில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இது மெதுவாக நகர்கிற ரகமா, எலும்புக்குப் பரவுகிற ரகமா?

இந்தக் கேள்வியோடு மரபணு ஆராய்ச்சி எப்படி மல்லுக்கட்டியது என்று கொஞ்சம் படித்தேன். நான் பி.காம். உயிரியல் பத்தாம் வகுப்போடு சரி. அதனால் பேங்க் பாஷையில்தான் சொல்ல வரும், பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

நம் செல்களில் பிரேக் மாதிரி வேலை செய்யும் மரபணுக்கள் உண்டு. அப்பாவிடமிருந்து ஒரு பிரதி, அம்மாவிடமிருந்து ஒன்று. 'ஐதர் ஆர் சர்வைவர்' கணக்கு மாதிரி, ஒருவர் போனாலும் மற்றவர் கையெழுத்தில் கணக்கு ஓடும். இரண்டும் போனால்தான் ஆபத்து. 1971ல் ஆல்ஃபிரட் நுட்சன் குழந்தைகளின் விழித்திரைப் புற்றுநோயை வைத்து இதைக் கணித்தார். 1997ல் கண்டுபிடிக்கப்பட்ட பீ-டென் என்ற பிரேக், புரோஸ்டேட் புற்றில் அடிக்கடி காணாமல் போகிற ஒன்று.

காணாமல் போனதைப் பிடிக்கலாம். இருந்தும் பேசாமல் கிடப்பதை எப்படிப் பிடிப்பது? இங்கேதான் மைக்ரோஅரே வந்தது. கண்ணாடித் தகட்டில் ஆயிரக்கணக்கான மரபணுப் புள்ளிகள். நல்ல திசுவுக்கு ஒரு நிறச் சாயம், புற்றுத் திசுவுக்கு வேறு நிறம். எந்தப் புள்ளி எந்த நிறத்தில் மின்னுகிறது என்று பார்த்தால், எந்த மரபணு அதிகம் வேலை செய்கிறது, எது அடங்கிவிட்டது என்று தெரியும். ஒரு வருடப் பேரேட்டை இன்னொரு வருடத்தோடு ஒப்பிடுகிற வேலைதான்!

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அருள் சின்னையனின் குழு 2001ல் இப்படிச் சுமார் 10,000 மரபணுக்களை ஒப்பிட்டு நேச்சர் இதழில் எழுதியது. முதல் பெயர் சரவண தனசேகரன். (பெயரைப் பார்த்ததும் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம், மறைப்பானேன்.) 2002ல் அதே குழுவின் சூர்யநாராயண வரம்பள்ளி முதல் பெயராக வந்த கட்டுரை, பரவிய புரோஸ்டேட் புற்றில் இ.இசட்.எச்.2 என்ற மரபணு மிக அதிகமாக வேலை செய்வதைக் காட்டியது.

இது என்ன செய்கிறது? மற்ற மரபணுக்களின் மேல் முத்திரை குத்தி முடக்குகிறது. பணம் அப்படியே இருக்கிறது, கணக்கு மட்டும் ஃப்ரீஸ். 2007ல் அதே கூட்டத்தினர் பல தரவுகளைச் சேர்த்துப் பார்த்து, முடக்கப்பட்டவற்றில் ஏ.டி.ஆர்.பி.2 இருப்பதைக் கண்டார்கள்.

சரி, முடக்குகிறவனை யார் அவிழ்த்துவிட்டது? 2008ல் சயன்ஸ் இதழில் விடை வந்தது. மிர்-101 என்ற குட்டி ஆர்.என்.ஏ.தான் அவனை அடக்கி வைத்திருந்தது. பரவாத புற்றில் 16ல் 6 மாதிரிகளிலும், பரவியதில் 33ல் 22 மாதிரிகளிலும் அதன் பிரதி இழக்கப்பட்டிருந்தது. என்னைக் கேட்டால் இந்தக் கதையில் மிக அழகான இடம் இதுதான். சத்தம் போட்டவனைத் துரத்திக்கொண்டே போய், மௌனமாகிவிட்ட காவலாளியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இ.இசட்.எச்.2வைத் தடுக்கும் டாசெமெட்டோஸ்டாட் மாத்திரைக்கு 2020ல் அமெரிக்கா அனுமதி தந்தது. ஆனால் அது புரோஸ்டேட்டுக்கு அல்ல, அரிதான ஒரு சார்கோமாவுக்கு.