பறிமுதல் சொத்துகளின் சமூகப் பயன்பாடு (இத்தாலி)

மாஃபியா கும்பல்களிடமிருந்து பறிமுதலான வீடு, நிலம், நிறுவனங்களை மக்கள் பயன்பாட்டுக்குத் தரும் இத்தாலிய முறை. பறிமுதலுக்கு வழிவகுத்த 1982ஆம் ஆண்டுச் சட்டத்தை முன்மொழிந்த நாடாளுமன்ற உறுப்பினர் பியோ லா தோர்ரே, அது நிறைவேறுமுன்பே பலெர்மோவில் சுட்டுக் கொல்லப்பட்டார். மாஃபியா எதிர்ப்பு அமைப்பான லிபெரா பத்து லட்சம் கையெழுத்து திரட்டியதன் விளைவாக, பறிமுதல் சொத்துகளைச் சமூகப் பயன்பாட்டுக்குத் தரும் 109ஆம் எண் சட்டம் 1996இல் வந்தது. ஏலம் விட்டால் பினாமி மூலம் பழைய ஆளே வாங்கிவிடக்கூடும் என்பதால் விற்பனை கடைசி வழியே. நிலமும் வீடும் பெரும்பாலும் உள்ளாட்சிக்குப் போகும். உள்ளாட்சி அவற்றைக் கூட்டுறவுகளுக்கு வாடகையின்றி விடலாம். சிசிலியில் மாஃபியா தலைவர்களின் வயல்களில் இளைஞர் கூட்டுறவுகள் விளைவிக்கும் கோதுமையும் திராட்சையும் பாஸ்தாவாகவும் ஒயினாகவும் கடைக்கு வருகின்றன. பெருங்குறை தாமதம்: வழக்கு முடிவதற்குள் பூட்டிய வீடுகள் கூரை ஒழுகிப் பாழாகின்றன, வங்கிக் கடன் நின்றுபோய் நிறுவனங்கள் பல மூடப்படுவதால், குற்றத்தில் பங்கில்லாத தொழிலாளர்கள் வேலையிழக்கிறார்கள்.