வானம்பாடி இயக்கம்

வானம்பாடி, 1970களின் தொடக்கத்தில் கோயம்புத்தூரில் உருவான கவிஞர் குழு. 1971 முதல் அக்குழு வெளியிட்ட கவிதை இதழின் பெயரும் அதுவே. சிறிய வாசக வட்டத்துக்குள் இருந்த புதுக்கவிதையைக் கல்லூரி அரங்குகளுக்கும் பொதுமேடைகளுக்கும் கொண்டுசேர்த்ததில் இதற்குப் பெரும் பங்குண்டு.

சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் தொடங்கிய ‘எழுத்து’ இதழும் அவர் 1962இல் தொகுத்த ‘புதுக்குரல்கள்’ நூலும் புதுக்கவிதைக்கு வழி திறந்தவை. ஆனால் அக்கவிதைகள் தனியே அமர்ந்து கண்ணால் படிப்பதற்கானவை. காதுக்கான கவிதை வேறிடத்தில் செழித்தது: திராவிட இயக்கம் ஊரூராய் வளர்த்த கவியரங்கம். தலைவர் ஒருவர், பொதுத் தலைப்பு ஒன்று. கவிஞர்களைத் தலைவர் பாட்டாலேயே அழைப்பார், வந்தவர் தலைவணக்கம் பாடிவிட்டுத் தொடங்குவார். கைதட்டல் எழுந்தால் அடியைத் திரும்பச் சொல்வார். இந்த மேடைக்கு யாப்பே பழக்கமான வடிவம். கோவைக் கவிஞர்கள் அதே மேடையில் யாப்பில்லாத கவிதையை வாசித்தார்கள்.

புவியரசு, ஞானி, முல்லை ஆதவன், அக்கினிபுத்திரன், சிற்பி, கங்கைகொண்டான் முதலானோர் கோவை வட்டத்தினர். ஈரோட்டுத் தமிழன்பன், சேலம் தமிழ்நாடன், மு. மேத்தா, சிவகங்கை மீரா ஆகியோரும் இந்த அணியில் சேர்த்தே பேசப்படுகிறார்கள். பொள்ளாச்சியோ ஈரோடோ சேலமோ, பஸ் ஏறினால் கூட்டத்துக்கு வந்துசேரும் தொலைவுதான். பெரும்பாலோர் பள்ளி, கல்லூரித் தமிழாசிரியர்கள். வகுப்பில் செய்யுளை வாய்விட்டுச் சொல்லிப் பழகிய நாக்கு அவர்களுடையது. யாப்பு தெரியாமல் அதைக் கைவிட்டவர்கள் அல்லர். சிற்பியின் முதல் தொகுப்பான ‘நிலவுப்பூ’ (1963) மரபுக்கவிதை நூலே.

ஊரும் இதற்கு ஏற்றதாக இருந்தது. 1888இல் முதல் பஞ்சாலை கண்ட கோவை, 1946 ஜனவரி 8 அன்று சின்னியம்பாளையம் தொழிலாளர் நால்வர் தூக்கிலிடப்பட்டதை மறக்காத ஊர். தொழிற்சங்க மேடைப் பேச்சு இங்கே அன்றாடச் சத்தம். 1967 ஆட்சி மாற்றம் எழுப்பிய நம்பிக்கைகள் மங்கத் தொடங்கியிருந்தன. நக்சல்பாரியும் வியட்நாமும் இளைஞர் பேச்சில் இருந்தன. மார்க்சியத்தை ஊன்றிப் படித்த ஞானி குழுவின் சிந்தனைக்கு ஆழம் தந்தார். ‘மானுடம் பாடும் வானம்பாடிகள்’ என்பது அவர்களின் முழக்கம். இதழுக்கு விலை வைக்கவில்லை. ‘விலையிலாக் கவிமடல்’ என்றே அச்சிட்டு அனுப்பினார்கள். 1973இல் குழுவின் ‘வெளிச்சங்கள்’ கவிதைத் தொகுப்பு வந்தது. அடுத்த ஆண்டு மேத்தாவின் ‘கண்ணீர்ப் பூக்கள்’ கல்லூரி மாணவர்களிடையே பெற்ற வரவேற்பு, புதுக்கவிதை நூலும் விற்கும் என்று பதிப்பாளர்களுக்குக் காட்டியது.

‘எழுத்து’ மரபில் வந்த விமர்சகர்களுக்கு வானம்பாடிக் கவிதைகள் உரத்த குரல், கோஷம், உருவக நெரிசல். சூரியனும் நெருப்பும் விடியலும் பக்கத்துக்குப் பக்கம் வருவது உண்மைதான். அச்சில் படித்தால் அலுப்புத் தட்டும். ஆனால் அடுக்கிக் கேட்கும் கேள்வியும் மீண்டும் வரும் அடியும் கடைசி வரிசையில் நிற்பவருக்கும் எட்டவேண்டிய கவிதையின் கருவிகள். அவற்றை மௌன வாசிப்பின் அளவுகோலால் மட்டும் எடைபோட்டது சரியான தீர்ப்பல்ல. இயக்கத்துக்குப் பாதகமானது வேறு: எளிதில் போலி செய்யத்தக்க நடை. மேடைதோறும் நகல் பெருகியது.

குழுவுக்குள் கருத்து வேறுபாடு முற்றியது. ஒருமித்த இயக்கமாக அது நீண்ட நாள் நிற்கவில்லை. இதழின் பிற்பகுதியில் சிற்பி ஆசிரியப் பொறுப்பேற்றார். ஞானி ‘பரிமாணம்’, ‘நிகழ்’ இதழ்களின் வழியே திறனாய்வுக்குப் போனார். தம் பழைய குழுவையும் அவர் விமர்சிக்காமல் விடவில்லை. புவியரசு மொழிபெயர்ப்பில் இறங்கி, தஸ்தயேவ்ஸ்கியின் ‘கரமசோவ் சகோதரர்கள்’ நாவலைத் தமிழாக்கினார். சாகித்திய அகாதெமி விருது சிற்பிக்கு 2003இலும் தமிழன்பனுக்கு 2004இலும் மேத்தாவுக்கு 2006இலும் புவியரசுக்கு 2009இலும் வந்தது. ஞானி 2020 ஜூலையில் கோவையில் காலமானார்.