குரு இல்லாத ஊருக்கான கல்வி: வீரமாமுனிவரும் கரிசல்காட்டு மறைப்பணியும்

வீரமாமுனிவரைத் ‘தேம்பாவணி’ பாடிய புலவராகக் கொண்டாடியே நமக்குப் பழக்கம். அவருடைய கல்விப் பணியைக் கரிசல்காட்டு மறைப்பணியிலிருந்து தொடங்கிப் பார்க்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இத்தாலியில் 1680-இல் பிறந்த பெஸ்கி என்னும் இயேசு சபைக் குருவே வீரமாமுனிவர். அவர் தமிழகம் வந்த தொடக்க ஆண்டுகளில் பணிசெய்த தலங்களுள் ஒன்று கோவில்பட்டி வட்டாரத்துக் காமநாயக்கன்பட்டி. அங்கிருந்து வடகிழக்கே அருப்புக்கோட்டை, திருச்சுழி வரை வானம் பார்த்த பூமி. கண்மாய் பெருகினால்தான் வெள்ளாமை. குண்டாற்றில் தண்ணீர் ஓடுவதும் மழையைப் பொறுத்ததே. ஊர்கள் தள்ளித் தள்ளிக் கிடந்த இந்நிலத்தில் ஒவ்வோர் ஊரிலும் ஒரு குரு தங்குவது நடவாத காரியம். செபம் சொல்லிக்கொடுத்தவரும், சாகக் கிடந்தவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவரும் உள்ளூர் வேதியர்தான். மக்கள் வாக்கில் உபதேசியார். 1727-இல் வீரமாமுனிவர் எழுதிய ‘வேதியரொழுக்கம்’ இந்த உபதேசியாருக்கான உரைநடை நூல். பிறரைத் திருத்தப் புறப்படுமுன் உன்னைத் திருத்திக்கொள் என்பதே அதன் போக்கு.

குரு அருகில் இல்லாதபோது கற்பவர் என்ன செய்வார்? இக்கேள்வியை வைத்துப் பார்த்தால் வீரமாமுனிவரின் மற்றப் பணிகளும் துலங்குகின்றன. முன்பு சொற்பொருள் சொல்லும் நிகண்டு செய்யுளாக இருந்தது. திண்ணையில் ஆசிரியர் சொல்ல மாணவர் மனப்பாடம் செய்தார். அவருடைய 1732-இன் ‘சதுரகராதி’ பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளாய்ச் சொற்களை அகர வரிசையில் அடுக்கியது. எழுத்தறிந்தவர் தாமே தேடிக்கொள்ளலாம். ரேவண சித்தரின் ‘அகராதி நிகண்டு’ 1594-லேயே வந்துவிட்டதே என்பார்கள். உண்மைதான், ஆனால் அதுவும் மனப்பாடத்துக்குரிய செய்யுள் நூல். எழுத்துச் சீர்திருத்தமும் இவ்வகையே. ஓலையில் புள்ளி குத்தாமல் எழுதுவதால் எகர ஒகரங்கள் குறிலா நெடிலா என்று தெரியாது. தெரிந்தவர் வாசித்துக் காட்ட வேண்டும். நெடிலுக்குத் தனிக்குறி வந்ததும் அந்தத் துணை வேண்டாததாயிற்று.

இந்நூல்கள் உருவான காலத்தில் அவர் காவிரிப் பக்கம், ஏலாக்குறிச்சியை ஒட்டி இருந்தார் என்ற மறுப்பு வலுவானது. ஆனால் உபதேசியாரை நம்பி நடந்த பணியைத் தொடக்கத்திலேயே அவர் கண்டது தெற்கத்திச் சீமையில். ஆகவே ஊற்று அங்கே என்று கொள்வது பொருந்தும். ஊகம் என்ற அளவில்தான் அதைச் சொல்கிறேன்.

இந்தக் கரிசல்காட்டுப் பகுதியில் படிப்புக்கு ஊரை விட்டுப் போவது நெடுநாள் நீடித்தது. 1879-இல் திருச்சுழியில் பிறந்த ரமணரும் தொடக்கக் கல்விக்குப்பின் திண்டுக்கல், மதுரை என்றே போனார். உள்ளூரில் எழுத்தைக் காத்தவர்களின் வரலாற்றில் திண்ணை வாத்தியாரோடு உபதேசியாரையும் சேர்த்து எழுத வேண்டும். பழைய பங்குகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளையும் உபதேசியார் குடும்பங்களிடம் எஞ்சியுள்ள ஓலைகளையும் கரையான் அரிக்குமுன் ஆய்வாளர்கள் படியெடுக்க வேண்டும்.