வீட்டுப் பூஞ்சணச் சோதனை

வீட்டுப் பூஞ்சணச் சோதனை என்பது ஒரு குடியிருப்பில் பூஞ்சணம் வளர்ந்துள்ளதா, எங்கே வளர்ந்துள்ளது, அதற்கு வேண்டிய ஈரம் எங்கிருந்து வருகிறது என்பவற்றைக் கண்டறியும் முறைகளைக் குறிக்கும். பூசணம், பூஞ்சக்காளான் எனவும் வழங்கப்படும் பூஞ்சணம், பூஞ்சைகளின் இழைவடிவ வளர்ச்சி ஆகும். காற்றில் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவதே சோதனை எனப் பலரும் கருதுகின்றனர். எனினும், உடல்நலத்தைக் காக்கும் நோக்கில் பார்த்தால், கண்ணாலும் மூக்காலும் செய்யும் தேடலே முதன்மையானது. ஆய்வகத்துக்கு உள்ள இடம் சிறியது.

உடல்நலத் தொடர்பு

பூஞ்சண நுண்வித்துகள் எல்லா வீட்டுக் காற்றிலும் உள்ளன. அவை ஈரமான மரம், தாள், துணி, சுண்ணப்பூச்சு ஆகியவற்றின் மீது விழுந்து வளரத் தொடங்கும்போதே சிக்கல் எழுகிறது. அமெரிக்க மருத்துவக் கழகம் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, ஈரமான, பூஞ்சணம் படிந்த வீடுகளுக்கும் இருமல், மூச்சிரைப்பு, மூக்கு தொண்டை உபாதைகள், ஆஸ்துமா உள்ளோருக்கு அந்நோய் மிகுதல் ஆகியவற்றுக்கும் இடையே தொடர்பு இருப்பதை ஏற்றது. நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றியோருக்கு ஆஸ்பெர்ஜில்லஸ் போன்ற சில பூஞ்சைகள் நுரையீரலிலேயே தொற்றை உண்டாக்கக்கூடும்.

"கருப்புப் பூஞ்சணம்" பற்றிய அச்சம் பரவியதற்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் 1993-94ஆம் ஆண்டுகளில் கைக்குழந்தைகள் சிலருக்கு நுரையீரலில் குருதிக்கசிவு ஏற்பட்டது. அவர்களது வீடுகளில் காணப்பட்ட ஸ்டாக்கிபோட்ரிஸ் என்னும் கரும்பூஞ்சணமே காரணம் என அப்போது ஐயுறப்பட்டது. அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் அவ்வாய்வுகளை மறுபரிசீலனை செய்து, அத்தொடர்பு மெய்ப்பிக்கப்படவில்லை என 2000ஆம் ஆண்டில் அறிவித்தது. நிறத்தைக் கொண்டு பூஞ்சணத்தின் தீங்கை அளவிட இயலாது. எந்த நிறமாயினும் அகற்றவேண்டியதே.

நேரடித் தேடல்

குளியலறை, கழுவுதொட்டியின் அடிப்பகுதி, சுவரோடு ஒட்டிய அலமாரியின் பின்புறம், மெத்தையின் அடிப்பகுதி, குளிரூட்டியின் நீர்த்தட்டு, மொட்டைமாடியிலிருந்து நீர் கசியும் கூரை மூலைகள் ஆகியவை முதலில் பார்க்கவேண்டியவை. சாய்வாக ஒளிபடுமாறு கைவிளக்கைப் பிடித்துப் பார்த்தால் மெல்லிய படலமும் தெரியும். மட்கிய மண்வாடை மறைந்துள்ள பூஞ்சணத்தைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் அவ்வீட்டிலேயே இருப்போரின் மூக்கு அதற்குப் பழகிவிடுவதால், வெளியூர் சென்று திரும்பி முதன்முறை கதவைத் திறக்கும் பொழுது முகர்ந்து பார்ப்பது நல்லது.

சுவரில் உப்புப் பூப்பதைப் பலர் பூஞ்சணம் என எண்ணி மருளுகின்றனர். உப்பு படிக வடிவில் இருக்கும், விரலால் தேய்த்தால் பொடியும், நீரில் கரையும். பூஞ்சணம் கரையாது. எனினும் உப்புப் பூத்த சுவரில் ஓதம் ஏறியுள்ளது என்பது உறுதி. கரும்புள்ளி அழுக்கா பூஞ்சணமா என்ற ஐயம் எழுந்தால், வெளுப்பு நீர்மம் ஒரு சொட்டு இடலாம். ஓரிரு நிமிடங்களில் நிறம் மங்கினால் பூஞ்சணமாக இருக்க வாய்ப்பு மிகுதி. கரியும் தூசியும் அவ்வாறு மங்குவதில்லை. இந்நீர்மத்தை அம்மோனியாவுடனோ அமிலக் கழுவிகளுடனோ கலத்தல் கூடாது, நச்சுவளி வெளிப்படும்.

ஈரத்தின் மூலத்தை அறிய எளிய வழி ஒன்று உண்டு. ஐயத்துக்குரிய இடத்தில் அலுமினியத் தாளை நான்கு புறமும் ஒட்டி ஓரிரு நாட்கள் விடவேண்டும். அறையை நோக்கிய பக்கத்தில் நீர்த்துளிகள் தோன்றினால் அறைக்காற்றின் ஈரம் குளிர்ந்து படிகிறது எனக் கொள்ளலாம். சுவரை நோக்கிய பக்கம் நனைந்தால் சுவருக்குள்ளிருந்து நீர் வருகிறது. முதலாவதற்குக் காற்றோட்டமும் இரண்டாவதற்குக் கொத்தனாரும் தேவை. வீட்டினுள் சார்பு ஈரப்பதன் 60 விழுக்காட்டுக்குக் கீழ் இருக்கவேண்டும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் பரிந்துரை. விலை குறைந்த ஈரப்பதமானியே இதை அளக்கப் போதும்.

சோதனைக்குரிய காலமும் கருதத்தக்கது. தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில் தெரியும் கசிவு சித்திரையில் காய்ந்து, கறை மட்டுமே எஞ்சியிருக்கும். வீடு வாங்குவோர் இதை மறத்தல் ஆகாது.

ஆய்வகச் சோதனைகள்

காற்று மாதிரி எடுக்கும் முறையில், சிறு எக்கி ஒன்று சில நிமிடங்களுக்குக் காற்றை இழுத்து ஒட்டும் பரப்பின்மீது செலுத்தும். அதில் படிந்த வித்துகள் நுண்ணோக்கியில் எண்ணப்படும். வெளிக்காற்றின் மாதிரியையும் உடன் எடுத்து ஒப்பிடாவிட்டால் இவ்வெண்ணிக்கைக்குப் பொருளில்லை. ஒரே அறையில் காலையும் மாலையும் அது வெகுவாக மாறும். ஆஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியம் ஆகியவற்றின் வித்துகளை நுண்ணோக்கியில் வேறுபடுத்தலும் கடினம். ஸ்டாக்கிபோட்ரிஸின் வித்துகளோ பசைத்தன்மை உடையவை. எளிதில் காற்றில் பறப்பதில்லை. ஆகவே சுவர் முழுதும் அது இருந்தும் காற்று மாதிரியில் தென்படாமல் போகலாம்.

கடைகளில் விற்கப்படும் வளர்தட்டுச் சோதனைப் பெட்டிகளைத் திறந்து வைத்தால் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஏதேனும் வளரும். திறந்து வைத்த ரொட்டித்துண்டு பூசணம் பிடிப்பதைவிட அதிகமாக அது எதையும் தெரிவிப்பதில்லை. தூசியில் 36 பூஞ்சை இனங்களை டி.என்.ஏ. வழியாகக் கணக்கிடும் குறியீடு ஒன்றை மேற்கூறிய அமெரிக்க முகமை உருவாக்கியது. ஆயினும் அதனை ஆராய்ச்சிக் கருவியாகவே அம்முகமை கருதுகிறது.

இவை அனைத்துக்கும் பொதுவான குறை, ஒப்பிடுவதற்கு எல்லையளவு இல்லாமையே. எத்தனை வித்துகள் வரை தீங்கில்லை என்னும் அளவை அமெரிக்க நடுவண் அரசு வகுக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டு வழிகாட்டியில் அத்தகைய எண்ணைப் பரிந்துரைக்க இயலாது என்றே கூறியது. கண்ணுக்குத் தெரியும் பூஞ்சணம் இருப்பின் மாதிரி எடுத்தல் பெரும்பாலும் தேவையற்றது. வாடை மட்டும் வீசி இடம் புலப்படாதபோதும், வழக்குகளிலும், நோயெதிர்ப்பு குன்றியோர் வாழும் வீடுகளிலும் அது பயன்படலாம். சோதிப்பவரே அகற்றும் பணியையும் விற்பவராயின் அவரது முடிவை ஐயத்துடன் நோக்குதல் தகும்.

அகற்றலும் சட்டமும்

நனைந்த பொருட்களை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்தினால் பெரும்பாலும் பூஞ்சணம் பிடிப்பதில்லை. ஏறத்தாழ 10 சதுர அடிக்கு உட்பட்ட பரப்பை முகமூடியும் கையுறையும் அணிந்து வீட்டாரே கழுவலாம். மூலக்கசிவை அடைக்காமல் மேலே வண்ணம் பூசினால் பூஞ்சணம் மீண்டும் தோன்றும்.

இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் நிகழ்ந்தது இதற்குத் துயரமான சான்று. பூஞ்சணம் பற்றி 2017ஆம் ஆண்டில் முறையிட்ட வாடகைக் குடும்பத்துக்கு, அதன்மேல் வண்ணம் பூசுமாறு கூறப்பட்டது. அவ்வீட்டுக் குழந்தை அவாப் இஷாக் 2020 டிசம்பரில் இரண்டு வயதில் இறந்தான். நீண்டகாலம் பூஞ்சணத்துக்கு ஆட்பட்டதால் ஏற்பட்ட கடும் மூச்சுநோயே காரணம் என 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். அங்கு பூஞ்சணத்தைக் காண நுண்ணோக்கி தேவைப்படவில்லை. அவன் பெயரால் அழைக்கப்படும் சட்டம் 2025 அக்டோபர் 27 முதல் இங்கிலாந்தின் சமூக வாடகை வீடுகளில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி உடனடி ஆபத்துகளை 24 மணி நேரத்துக்குள் கவனிக்கவேண்டும். கணிசமான தீங்கு விளைக்கும் ஈரம், பூஞ்சணம் பற்றிய முறையீடுகளை 10 வேலைநாட்களுக்குள் ஆராய்ந்து, ஆய்வு முடிந்த 5 வேலைநாட்களுக்குள் வீட்டைப் பாதுகாப்பானதாக்குதல் வேண்டும்.